குழாய்க்கிணற்றுத் தண்ணீரும் மீன்கொத்தி நீலமும்

அறைக் கதவுக்குக் கொண்டி போட்டுவிட்டு அவள் பர்தாவைக் கழற்றிய அந்தக் கணத்தில்தான் என் முடிக்கும் சாயம் போட வேண்டும் என்ற யோசனை வந்தது. முதலில் வாய் திறந்தது; யோசனை அதற்குப் பிறகு. தோளுக்குக் கீழே ஒரு சாண் வரை இறங்கிய அவளுடைய தலைமுடி முழுவதும் நீலம். வாவிக்கரையில் கண்டல் கொப்பிலிருந்து மீன்கொத்தி தண்ணீருக்குள் பாயும்போது அரைச் செக்கனுக்கு ஒரு நீலம் தெரியுமே, அந்த நீலம் பறந்து போகாமல் ஒரு பெண்ணின் தலையில் நின்றுகொண்டிருந்தது.

இரண்டு வருடமாக நாங்கள் இரசாயனவியல் ரியூசன் வகுப்பில் ஒரே வாங்கில் இருந்தவர்கள். அவளுடைய கையெழுத்தை எனக்குத் தெரியும், கணக்குப் பிழைத்தால் பேனாவைக் கடிப்பது தெரியும், எந்தக் கடையின் ரோல்ஸுக்கு மனம் இளகுவாள் என்பதும் தெரியும். முடியை மட்டும் நான் கண்டதில்லை. காத்தான்குடியில் அவள் வீட்டுக்குப் போனதும் அன்றுதான் முதல் தடவை, இரவல் வாங்கிய கொப்பியைத் திருப்பிக் கொடுக்க.

"வாய மூடு கா, நுளம்பு போயிரும்" என்றாள்.

"எப்ப இருந்து?"

"சோதனை முடிஞ்ச மறுகிழமையில இருந்து."

"ஆரெல்லாம் கண்டிருக்கிறாக?"

"உம்மா, ராத்தா, ராத்தாட மகள். இப்ப நீ."

நாலு பேர். இவ்வளவு பெரிய நீலத்துக்கு மொத்தம் நாலு பேர். எங்கள் பக்கத்தில் ஒரு புதுத் தோடு போட்டாலே தெரு முழுக்கக் கழுத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டு நடப்போம். இவள் தலை முழுக்க இதை வைத்துக்கொண்டு, மேலே கறுப்புத் துணியைச் சுற்றி, பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்து அவரைக்காய் விலை கதைத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

"உங்கட ஆக்கள் இதுக்கு ஒண்டும் சொல்றல்லயா?"

"நரைக்குக் கறுப்பு அடிக்கிறதுதான் எங்கட மார்க்கத்தில பிரச்சினை. நீலத்தப் பத்தி ஒருத்தரும் ஒண்டும் செல்லல்ல." தன் பகிடிக்குத் தானே சிரித்தாள். பிறகு கொஞ்சம் கவனமாகச் சொன்னாள்: "தொழுகைக்கு ஒழுச் செய்யக்குள்ள தண்ணி முடியில படோணும், அதுதான் பாத்தன். இது மேல பூசி நிக்கிற பெயின்ட் இல்ல புள்ள, உள்ளுக்குப் போற சாயம்."

"ஆருக்குக் காட்டப்போறாய்?"

"எனக்கு" என்று சுவர்க் கண்ணாடியைக் காட்டினாள்.

அது உயர்தரப் பரீட்சை முடிந்து, பெறுபேறு வந்து, பல்கலைக்கழகத்துக்கு இடமும் கிடைத்து, எப்போது தொடங்கும் என்பதை மட்டும் ஒருவரும் சொல்லாத காலம். என்னைப் போன்ற ஆளை அப்படி மாதக்கணக்கில் வீட்டில் விட்டுவைக்கக் கூடாது. கொரிய எழுத்துகளில் பாதி படித்தேன். கோழிக்கூட்டுக்குச் சூரிய ஒளியில் எரியும் விளக்குப் பூட்டினேன். கோழிகள் நித்திரை கொள்ளாமல் கத்தின, கழற்றினேன். அதனால் அவளுடைய நீலத்தைக் கண்ட நாளிலிருந்து வேறு எதுவும் என் தலைக்குள் இருக்கவில்லை. அடி முடி வளர்ந்து கறுப்புத் தெரிகிறது, அடுத்த கிழமை மறுபடி போடப்போகிறேன் என்று அவள் சொன்னதும், நானும் வாறன் என்றேன்.

நாங்கள் இருப்பது வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். எங்கள் வயல் வட்டைக்கும் வாவிக்கும் நடுவே வீடு. மண்முனைப் பாலத்தைக் கடந்து ஸ்கூட்டியில் போனால் அவள் வீட்டுக்கு அரை மணித்தியாலம். அன்றைக்கு இருபது நிமிடத்தில் போனேன்.

அவள் வேலை செய்த விதத்தைச் சொல்ல வேண்டும். கட்டாரிலிருந்து அவளுடைய அக்காவான ராத்தாவின் மாப்பிள்ளை கொண்டுவந்த ப்ளீச் பவுடர் ஒரு டப்பா, டெவலப்பர் ஒரு போத்தல், ஐஸ்கிறீம் டப்பா, தூரிகை, கையுறை, அலுமினியத் தாள். பக்கத்தில் ஒரு சீஆர் கொப்பி. அதில் ஒவ்வொரு தடவையும் எத்தனை கரண்டி, எத்தனை நிமிடம், என்ன நிறம் என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே சின்னதாக ஒரு கற்றை முடியை செலோரேப்பால் ஒட்டியிருந்தாள். செய்முறைப் பரீட்சைக்குக்கூட அவள் இவ்வளவு ஒழுங்காகக் கொப்பி வைத்ததில்லை.

தன் அடி முடிக்குப் பூசி முடித்துவிட்டு என்னை நேரம் பார்க்கச் சொன்னாள். நான் நேரத்தை எங்கே பார்த்தேன். கறுப்பு முதலில் கபிலமானது. பிறகு சுட்ட ஓட்டின் சிவப்பு. அந்தச் சிவப்புக்குக் கீழே இருந்து செம்மஞ்சள் மேலே வந்தது, பிறகு பழுத்த பலாச்சுளை. கடைசியில் தென்னங்குருத்தின் வெளிர்மஞ்சள். கறுப்பு என்று ஒற்றைச் சொல்லில் நான் இருபது வருடமாகச் சொல்லிவந்த ஒன்றுக்குள் இத்தனை நிறங்கள் வரிசையில் நின்றிருக்கின்றன. டெவலப்பர் போத்தலில் இருந்தது ஐதரசன் பரவொட்சைட்டு; பரீட்சையில் நான் எழுதியபோது அது இரண்டு புள்ளிக்கான ஒரு சமன்பாடு. அது என் கண்ணுக்கு முன்னால் ஒவ்வொரு கதவாகத் திறந்துகொண்டு உள்ளே போனது.

"எனக்கும் போடு" என்றேன். "பிடரிக்குக் கிட்ட உள்ளுக்கு ஒரு கற்றை. மேல் முடி மூடிரும்."

"உன்ட அம்மாட்டக் கேட்டியா?"

கேட்கவில்லை.

"கேட்டுட்டன்" என்றேன்.

"என்ன சொன்னாக?"

"ஓம் எண்டாக."

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு மாதிரிக்கென்று தன் கொப்பியிலிருந்து ஒரு வெளிர்மஞ்சள் கற்றையைக் கழற்றி, ஒரு கடதாசியில் ஒட்டி என்னிடம் தந்தாள். "இந்த நிறம் வரும் மட்டும் காத்திரிக்கோணும். மறுகாத்தான் நீலம். மஞ்சள் மிஞ்சினா பச்சையாப் போயிரும்."

ஒரு விரல் தடிப்பில் கற்றை எடுத்தாள். அதே டப்பா, அதே கரண்டி அளவு. தாளைச் சுற்றி மடித்தாள். ஐந்தாவது நிமிடத்தில் பிடரியில் இளஞ்சூடு. நன்றாகத்தான் இருந்தது, தேத்தண்ணிக் கோப்பையை வைத்த மாதிரி.

"சுடுதா?"

"கொஞ்சம்."

"சுடப்படாதே" என்று தாளில் விரல் வைத்தவள் கையை இழுத்துக்கொண்டாள். அடுத்த நொடி என்னைக் குளியலறைக்கு இழுத்துப்போய்க் குழாய்க்குக் கீழே குனிய வைத்தாள். நிமிர்ந்தபோது அவள் உள்ளங்கையில் அரைச் சாண் நீளத்துக்கு ஒரு கற்றை கிடந்தது. பழைய ஆணியின் துரு நிறம். ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் வெந்த நூடில்ஸ் போல நீண்டு, அறுந்தது. பிடரியில் மிச்சம் இரண்டு விரற்கடை.

தோல் சிவந்திருந்தது, பொசுங்கவில்லை. அவளுடைய உம்மா ஓடிவந்து பார்த்துவிட்டு ஐஸ்கட்டி எடுத்துவந்தார். அவள் அசையாமல் கையில் கிடந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அதே அளவு புள்ள. ராத்தாக்கும் இதுதான் போட்டன். எனக்கும் இதுதான்."

"பரவாயில்ல விடு, உள்ளுக்குத்தானே."

"என்ன பரவாயில்ல? என்ட கையால உன்ட முடி எரிஞ்சிரிக்கு."

அறுந்ததை ஒரு பொலித்தீன் பையில் போட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். ஏன் என்று அப்போது எனக்கே தெரியாது. எறிய மனம் வரவில்லை.

சனிக்கிழமை அம்மா எண்ணெய் வைக்கும்போது பிடரியில் கை தட்டுப்பட்டது.

"இதென்ன கட்டை?"

சொன்னேன். முழுவதும் சொல்லவில்லை, அவள் பூசினாள், எரிந்துவிட்டது என்ற அளவுக்கு. அம்மா எண்ணெய்ப் போத்தலை மூடினார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். என் போனை எடுத்து அவளுடைய உம்மாவுக்கு அழைத்தார்.

"உங்கட மகள் என்ட புள்ளட தலைய எரிச்சுப்போட்டாகளே" என்று தொடங்கியவர் சட்டென்று நிறுத்தினார். அந்தப் பக்கம் என்ன சொல்லப்பட்டது என்பது அம்மாவின் முகத்திலேயே எனக்குத் தெரிந்தது. நீங்க சம்மதிச்சீங்க எண்டுதானே புள்ள சொன்னா.

அம்மா போனை வைத்தார். "பொய்யும் சொல்லிரிக்கிறாய். சரி. அந்த வீட்டுக்கு இனிப் போகப்படாது. அவ வயசுக்கு அவக்கும் யோசின இரிந்திரிக்கோணும்."

"அவள்ல பிழை இல்லம்மா."

"மறுகா ஆருல? முடி தானா எரிஞ்சதா?"

இரவு அவளிடமிருந்து ஒரே ஒரு செய்தி வந்தது. நான் பொய் சொன்னது பரவாயில்லையாம். ஆனால் இனி ஒருவர் தலையிலும் தான் கை வைக்கப்போவதில்லை. கபிலச் சாயம் ஒரு பெட்டி வாங்கியிருக்கிறாள். நோன்புக்கு முன்னம் தன் தலையையும் பழையபடி ஆக்கிவிடப்போகிறாள். அதற்குப் பிறகு நான் அனுப்பிய எதற்கும் பதில் இல்லை.

அந்த நீலம் போகப்போகிறது. என் பொய்யால், என் பிடரியால். எனக்கு நித்திரை இல்லாமல் போனது அறுந்த முடிக்காக இல்லை. அவள் அவ்வளவு கவனமாகச் செய்த ஒன்றை, பிழை எது என்று தெரியாமலே, தன் பிழை என்று எடுத்துக்கொண்டு கழுவப் பார்க்கிறாள். காரணத்தைக் கண்டுபிடித்தால் நிறுத்தலாம். நோன்புக்கு மூன்று கிழமை இருந்தது.

போனில் தேடினேன், பழைய பாடப்புத்தகங்களைக் கிளறினேன். பவுடர் பழுதா? அவளுக்குச் சரிவந்ததே. என் முடி மெல்லியதா? என்னுடையது கயிறு. அறுந்த கற்றையை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தேன். துரு நிறம், துரு நிறம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டும் இருந்தேன், ஆனால் அந்தச் சொல்லைக் காதில் வாங்கவில்லை.

பத்தாம் நாள் காலை அம்மா அப்பாவின் வெள்ளை வேட்டிகளை வாளியில் போட்டுக்கொண்டு எதிர்வளவுக்குப் போனார். அங்கே ஒரு திறந்த கிணறு இருக்கிறது. எங்கள் வாசலிலேயே குழாய்க்கிணறு. கை வைத்தால் தண்ணீர். ஆனாலும் வெள்ளை உடுப்பென்றால் எதிர்வளவுக்குத்தான். நான் பள்ளிக்குப் போன பதின்மூன்று வருடமும் என் வெள்ளைச் சீருடை அங்கேதான் தோய்ந்தது. எங்கள் தெருவில் எல்லா அம்மாக்களும் அப்படித்தான் வாளியைத் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். கண்ணுக்குப் பழகிய நடை. அன்றைக்கு மட்டும் கேட்டேன்.

"ஏனம்மா குழாய்த் தண்ணியில தோய்க்கிறல்ல?"

"விசரி. காவி ஏறுமே. தேத்தண்ணிக்கே அத எடுக்கிறல்ல, மை மாதிரி வரும்."

"அப்ப தலைக்கு வாக்கிறது?"

"தலை கறுப்புத்தானே" என்று சொல்லிக்கொண்டே அம்மா நடந்தார்.

நான் படியிலேயே இருந்துவிட்டேன். உடுப்புக்கு ஆகாது, தேத்தண்ணிக்கு ஆகாது என்று இந்த ஊர் முழுவதற்கும் தெரியும். அந்தத் தண்ணீரைத்தான் பிறந்த நாளிலிருந்து என் தலையில் வார்த்திருக்கிறோம், கறுப்பில் கறை தெரியாது என்பதால். இரும்பு. வாளி வாளியாக, இருபது வருட இரும்பு. அதன் மேல் பரவொட்சைட்டைக் கொண்டுபோய்ப் பூசினால் என்ன நடக்கும் என்று உயர்தர மாணவி எவளையும் கேட்கலாம். இரும்பு ஊக்கி. அரை மணித்தியாலத்தில் மெல்ல மெல்ல உடைய வேண்டியது ஐந்து நிமிடத்தில் உடையும், சூடு கிளம்பும். அவளுடைய வீட்டில் வருவது நீர்வழங்கல் சபையின் சுத்திகரித்த பைப் தண்ணீர். அவளுக்கு இது தெரிய வழியே இல்லை. தெரிந்திருக்க வேண்டியவள் நான்.

அம்மாவை நம்பவைக்க வாயால் ஆகாது. எதிர்வளவுக் கிணற்றில் ஒரு கேத்தல் தண்ணீர் எடுத்துச் சாயம் கட்டியாகத் தேத்தண்ணி வைத்தேன், ஆறவிட்டு இரண்டு கண்ணாடிக் கிளாசில் ஊற்றினேன். ஒன்றில் அவள் மாதிரிக்குத் தந்த வெளிர்மஞ்சள் கற்றை. மற்றதில் பொலித்தீன் பையில் இருந்த என்னுடையது. ஒரு மணித்தியாலம் கழித்து அம்மாவைக் கூப்பிட்டு, இரண்டையும் எடுத்து வெள்ளைப் பீங்கானில் வைத்தேன்.

அவளுடையது தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. என்னுடையது மை. ஊதா கலந்த, கரிய, பேனாவுக்குள் ஊற்றி எழுதலாம் போன்ற மை. துருநிறமாகப் போட்ட முடி. எனக்கு முன்பே தெரியும் இப்படித்தான் வரும் என்று. எங்கள் வளவுக்குக் கீழே இருக்கிற நிலத்தை நான் தலையில் வைத்துக்கொண்டு பாலம் தாண்டி ரியூசனுக்குப் போய்வந்திருக்கிறேன்.

"இது ஆரட?" அம்மா தேத்தண்ணி நிறத்தைத் தொட்டார்.

"அவட."

"இது?"

"என்ட."

அம்மா தன் நெற்றிக்கு மேலே இருக்கிற நரைக் கற்றையை விரலால் முன்னுக்கு இழுத்து, மூக்குக்கு நேரே கொண்டுவந்து பார்த்தார். அது ஒருபோதும் வெள்ளையாக இருந்ததில்லை. பழைய பத்திரிகையின் மஞ்சள்.

"அப்ப இதுவும் அதானா? நான் எண்ணைப் பழுதாக்கும் எண்டு கடைக்காரனோட சண்டை பிடிச்சனே."

துருக்கறை பட்ட துணிக்கு அம்மாவே எலுமிச்சந் தேசிக்காய் தேய்ப்பவர். அதனால் அதையே செய்தோம். அம்மாவை வாங்கில் இருத்தி, தேசிக்காய்ப் புளியை ஷாம்புவில் குழைத்து அவருடைய நரைக்குப் பூசி, வெயில் படாமல் துவாயால் சுற்றி, கால் மணித்தியாலம் வைத்து, எதிர்வளவுத் தண்ணீரால் கழுவினேன். முதல் தடவை பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. "உன்ட விஞ்ஞானம் கண்ணெரியுது" என்றார் அம்மா. இரண்டு நாள் விட்டு இன்னொரு தடவை. மூன்றாம் தடவை துவாயை எடுத்ததும் கண்ணாடியைக் கொண்டுவந்து கையில் கொடுத்தேன்.

வெள்ளை. இளநீர் வழுக்கையின் வெள்ளை, உள்ளே வெளிச்சம் போகிற மாதிரி. அம்மா முகத்தை இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். கண்ணாடியைத் தூரப் பிடித்தார்.

"இதுதான் என்ட நிறமா?" என்று கேட்டார். என்னிடம் கேட்ட மாதிரி இல்லை.

அன்று பின்னேரம் அவரே போனை எடுத்தார். உம்மாவிடம் கனநேரம் கதைத்தார். தண்ணீர், வேட்டி, தேத்தண்ணி, தேசிக்காய் எல்லாம் வந்தன. நடுவில் குரல் தணிந்து, "நான் விசாரிக்காமக் கதச்சுப்போட்டன், மனசில வைக்காதீங்க. பொய் சொன்னது என்ட புள்ளதான்" என்றார். பிறகு, "மகளிட்ட ஒருக்காக் குடுங்க." அவள் வந்ததும் அம்மா சொன்னது இவ்வளவுதான்: "உங்கட கையில பிழை இல்ல மகள். எங்கட தண்ணிலதான் பிழை."

போன் என் கைக்கு வந்தது.

"கபிலம் போட்டிட்டியா?" என்று கேட்டேன். எனக்கு அதுதான் தெரிய வேண்டியிருந்தது.

"பெட்டி இன்னும் உடைக்கல்ல."

"உடைக்காத."

"மை மாதிரி வந்ததா, மெய்யா?"

"மெய்யா. பீங்கான்ல வச்சிரிக்கன்."

"படம் அனுப்பு. ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வச்சு, வெளிச்சத்தில. கொப்பியில ஒட்டோணும்." பிறகு, "இனிப் பொய் சொல்லப்படாது, விளங்கிச்சா? நான் கணக்குப் பாக்கக்குள்ள நீ தாற எண் பிழையாயிருந்தா என்ட தலைதான் போகும்" என்றாள்.

"என்ட தலைதானே போனது" என்றேன். சிரித்தாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவள் எங்கள் வீட்டுக்கு வருகிறாள், கொப்பியும் டப்பாவுமாக. அப்பா வட்டைக்குப் போனபிறகு வரச் சொல்லியிருக்கிறோம், கதவைச் சாத்தி வைத்தால் அவள் பர்தாவைக் கழற்றிவிட்டு வேலை செய்யலாம். அம்மாவுக்கும் அந்த நீலத்தைக் காண வேண்டுமாம். என் பிடரியிலிருந்து மூன்று மெல்லிய கற்றைகளை வெட்டியெடுத்துக் கிண்ணத்தில் வைத்தே சோதிக்கப்போகிறோம், தலையில் இல்லை. ஒன்று கழுவாதது, ஒன்று தேசிக்காயில் மூன்று தடவை கழுவியது, ஒன்று விற்றமின் சி குளிசையைப் பொடியாக்கி ஷாம்புவில் கலந்து கழுவியது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை தாளில் விரல் வைத்துச் சூடு பார்க்க வேண்டும். சூடு ஏறாமல் தென்னங்குருத்து நிறம் வரை எது போகிறதோ, அந்த முறையில் என் தலையைத் தயார்படுத்த இன்னும் ஒரு மாதம் எடுக்கும் என்று அவள் கணக்குச் சொல்கிறாள்.

நேற்று அம்மா நாலாவதாக ஒன்றைச் சேர்க்கச் சொன்னார். தன் வெள்ளைக் கற்றையின் நுனி, ஒரு விரற்கடை. வெள்ளைக்கு ப்ளீச் வேண்டாம், நீலத்தை நேரே பூசலாம். ஆனால் நரைமுடி சாயத்தை லேசில் உள்ளே விடாது என்றும் வாசித்திருக்கிறேன். அரை மணித்தியாலம் போதுமா, ஒரு மணித்தியாலம் வேண்டுமா என்று எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. முக்கால் மணித்தியாலத்தில் தொடங்கிப் பார்ப்போம் என்று எழுதிவைத்திருக்கிறேன்.